பின் சக்கரத்துக்கு எத்தனை பாயிண்ட்?

கேள்வி: 2023 ஜூன் 4
ஹிமாலயன் 411 பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை தார் ரோட்டைத் தாண்டியதில்லை. இந்த மாதக் கடைசியில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களுக்குள் போகும் மண் பாதையில் இரண்டு நாள் ஓட்ட ஆசை. சித்தப்பாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் இருக்கிறது, தங்கப் பிரச்சினை இல்லை. தார் ரோட்டில் டயர் காற்று முன்னே 25, பின்னே 32 பாயிண்ட் (psi) வைக்கிறேன். யூடியூபில் ஒருவர் 12 போதும் என்கிறார், இன்னொருவர் காற்றை இறக்கவே கூடாது என்கிறார். ட்யூப் டயர்தான். என் எடை 74 கிலோ. எத்தனை வைப்பது? அந்தப் பக்கத்து அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

2023 ஜூன் 4, இரவு
முன்னே 18, பின்னே 16.

போடிக்காரன் சொல்கிறேன். ஏலக்காய் ஸ்டோர்களில் டிரையர் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். வாரத்தில் நாலு நாள் மெட்டு ஏறி இறங்குகிறேன், பூப்பாறையைத் தாண்டினால் என் பாதையில் பாதிக்குத் தார் கிடையாது. என் பைக் எக்ஸ்பல்ஸ் 200, பின்னால் இருபது கிலோ டூல்ஸ் பெட்டி. இரண்டு வருடமாக இதே 18, 16. ஒரு தடவைகூட ட்யூப் கடிபட்டதில்லை. யூடியூபை மூடிவிட்டுத் தூங்குங்கள், தம்பி.

2023 ஜூன் 5
காலையில் படித்துப் பார்த்தால் டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது. எண்ணை எழுதினேன், காரணத்தை எழுதவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஸ்டோரில் கரண்ட் வராமல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. சுண்ணாம்பைக் குழைத்துப் பின் டயரில் பூசி, சிமெண்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் சக்கரத்தை இறக்கி, நானும் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டோர் பையன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். 30 பாயிண்டில் விழுந்த அச்சு 10 சென்டிமீட்டர் நீளம். 16-க்கு இறக்கி மறுபடி வைத்தால் 14. அகலம் ஒரு விரல்கூடக் கூடவில்லை. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீளம்தான் கூடுகிறது. நீளம் கூடினால் இன்னொரு வரிசை பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர்க் கட்டிகள்) தரையில் பதியும். நனைந்த செம்மண்ணில், ஏற்றத்தில், பெட்டியோடு போகிறவனுக்கு அந்த ஒரு வரிசை பெரிய விஷயம்.

அடுத்தது கல். 32 வைத்துக்கொண்டு கல் பாதையில் போனால் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கி எறியும். காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் அமுங்கி அதைக் கவ்விக்கொண்டு உருளும். சாயங்காலம் முதுகே சொல்லிவிடும் காலையில் எத்தனை வைத்தோம் என்று.

இதற்கு விலை இரண்டு. டயர் முழுக்க அமுங்கி ரிம் விளிம்பு கல்லில் இடித்தால், நடுவில் மாட்டிய ட்யூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கொத்தின மாதிரி இருப்பதால் அதன் பெயரே பாம்புக்கடி. இன்னொன்று, பிடி தளர்ந்த டயர் ரிம்மின் மேலேயே நகர்ந்து ட்யூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வைக் கிழிக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்று விடிவதற்குள் அரிக்கொம்பன் யானைக்கு ஊசி போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே 27-ம் தேதி கம்பம் தெருவிலேயே நடந்து வந்துவிட்டான். பாவம், அரிசி தின்னப் பழகிய வாய். அவன் போய்விட்டான் என்று நிம்மதியாகத் தோட்டப் பாதை வளைவில் நின்று காற்று இறக்காதீர்கள். இன்னொரு யானை, சக்கக்கொம்பன், அங்கேயேதான் இருக்கிறான். இறக்குவதும் ஏற்றுவதும் ஆள் நடமாட்டமுள்ள கடை வாசலில்.

2023 ஜூன் 7
ஒன்று மறந்துபோனேன். போடியில் 34 டிகிரி வெயிலில் காற்றைப் பார்த்துவிட்டு மெட்டு ஏறினால் மேலே 20 டிகிரி இருக்கும். குளிரில் காற்று சுருங்கும். கணக்குப் போட்டால் 25 வைத்திருப்பவருக்கு இரண்டு பாயிண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். அதனால் கீழேயே இரண்டு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் 9
மேலே சொன்னதை விடுங்கள். பத்தாவது படிக்கிற மகள் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "போடியில வாங்கின சிப்ஸ் பாக்கெட் மெட்டுல போனா ஏம்ப்பா உப்பிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டாள்.

உப்புகிறது, ஏனென்றால் மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. டயருக்கும் அதே கதைதான். காற்றை அளக்கிற கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். போடியிலிருந்து மெட்டு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு வெளியழுத்தம் ஒன்றரைப் பாயிண்டுக்குச் சற்று மேலே குறையும், அந்த அளவு கேஜில் கூடும். குளிர் எடுப்பதை உயரம் கொடுத்துவிடுகிறது. ஆகக் கடைசியில் ஒன்றும் மாறவில்லை. 2 பாயிண்ட் கூட்டச் சொன்னவன் நான்தான், கூட்டாதீர்கள் என்பவனும் நான்தான்.

ஒன்று மட்டும் நிஜம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த சூட்டில் உடனே கேஜ் வைத்தால் மூன்று நாலு பாயிண்ட் அதிகம் காட்டும். அதைப் பார்த்து இறக்கினால், டயர் ஆறியதும் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். மெட்டில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். டீ ஆறுகிற நேரம் போதாது, குடித்துவிட்டு ஊர்க்கதையும் பேசி முடிக்கிற நேரம்.

2023 ஜூன் 12
நைட்ரஜன் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சம் 22-க்குக் காசு கொடுக்க இஷ்டம் என்றால் கொடுங்கள். பூப்பாறையில் காற்று குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் 14
வால்வு விஷயம் சொல்கிறேன் என்றேன். காற்று குறைத்து ஓட்டுகிறவர்கள் வால்வு அடியில் இருக்கிற நட்டை ரிம்மோடு இறுக்கி வைக்கக் கூடாது. மேலே மூடி வரைக்கும் தளர்த்தி ஏற்றி விட வேண்டும். டயர் நகர்ந்தால் வால்வு சாயும், சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே காற்றை இறக்கி டயரைத் திருப்பிச் சரிசெய்யலாம். நட்டு இறுக்கமாக இருந்தால் சாய வழியில்லாமல் அடியிலேயே அறுந்துவிடும். அறுந்த வால்வுக்குப் பேட்ச் கிடையாது.

நான் டயரின் பக்கத்திலும் ரிம்மிலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு உடைந்தால் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடத்தில் அரை விரல்தான் நகர்ந்திருக்கிறது. 16 பாயிண்டில் இது அதிசயம் என்று பஞ்சர் கடை ஆசான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

2023 ஜூன் 16
சம்பந்தமில்லாதது. நேற்று சாயங்காலம் போடி ஸ்டேஷனில் கூட்டம் தாங்கவில்லை. 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தியதிலிருந்து பன்னிரண்டு வருடமாக ரயிலே இல்லாத ஊருக்கு பிராட் கேஜ் வண்டி வந்துவிட்டது. ஊரே கேஜ் மாற்றிவிட்டது, நான்தான் இன்னும் அந்தப் பழைய பேனா கேஜை வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று சம்சாரத்திடம் சொன்னேன். பத்து வருடப் பழசு. பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே கிடந்து நசுங்கி, தண்ணீரில் விழுந்து, இன்னும் வேலை செய்கிறது.

2023 ஜூலை 1
கேள்வி கேட்ட மதுரைத் தம்பி போய்விட்டு வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். புது டயல் கேஜ் வாங்கி, சரியாக 18, 16 வைத்து, முதல் நாள் மதியமே பின் ட்யூப் போச்சு. ரிம்மும் ஒரு இடத்தில் கோணல். படத்தில் இரண்டு ஓட்டை அழகாக, பக்கத்தில் பக்கத்தில்.

வருத்தமாக இருக்கிறது. ஆனால் வேகம் எவ்வளவு என்று எழுதவில்லையே தம்பி? குறுக்கு வடிகாலில் கல் பாவி வைத்திருக்கிற இடங்களில் பத்துக்கு மேல் போகக் கூடாது. அங்கே கல்லைப் படுக்க வைப்பதில்லை, விளிம்பு மேலே பார்க்க நட்டு வைத்திருப்பார்கள்.

2023 ஜூலை 2
இருபதுதான் போனேன் என்கிறார். சரி.

வேறு ஒன்றை நான் யோசிக்கவில்லை. ஹிமாலயன் 199 கிலோ. என் வண்டி 160-க்குள். நாற்பது கிலோ வித்தியாசத்தைப் பார்க்காமல் என் எண்ணை அவர் வண்டிக்குக் கொடுத்துவிட்டேன். 20 பாயிண்ட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ. பின் சக்கரத்தில் 155 கிலோ உட்கார்ந்தால் அதைத் தாங்க ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர் தரையில் பதிய வேண்டும் (டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்). எடை கூடக்கூட டயர் இன்னும் அமுங்கித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். அமுங்க இடமில்லாதபோது ரிம் இடிக்கும்.

ஆனால் என் பெட்டி இருபது கிலோ, நான் 81. அதைக் கூட்டினால் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லையே. எங்கேயோ இடிக்கிறது. ரிம்மைச் சொல்லவில்லை.

2023 ஜூலை 3
அந்த 12 பாயிண்ட் யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஓட்டுவது நூற்றுப் பத்து கிலோ மோட்டோகிராஸ் வண்டி. பெட்டி இல்லை, தடித்த ட்யூப், டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கிற ரிம் லாக் உண்டு, ஓடுவது மண்ணில். அவர்களுக்கு 12, 13, 14 எல்லாம் சகஜம். பாறை மேல் ஏறுகிற ட்ரையல்ஸ் வண்டிக்காரர்கள் ஐந்து ஆறுக்குக்கூட இறக்குவார்கள். அவரவர் எண் அவரவர் வண்டிக்கு. நம் வண்டிக்கு ரிம் லாக் போடலாமா என்றால் போடலாம். ரிம்மில் இன்னொரு ஓட்டை போட வேண்டும். பஞ்சர் ஒட்டுகிறவர் திட்டுவார்.

2023 ஜூலை 9
இன்று ஞாயிறு. தம்பி மதுரையிலிருந்து காலை ரயிலில் போடிக்கு வந்துவிட்டார். வண்டி ரிம் வேலைக்குக் கொடுத்திருக்கிறதாம். கையில் ஒரு டப்பா, அதற்குள் அவருடைய டயல் கேஜ். சண்டைக்கு வந்த மாதிரியே இல்லை. "அண்ணே, சும்மா ஒரு தடவை ரெண்டையும் ஒரே டயர்ல வச்சுப் பாப்போம்ணே" என்றார்.

என் பின் டயரில் என் பேனா கேஜ்: 16. அவர் டயல்: 21.

மறுபடி வைத்தோம். 16. 21.

பஞ்சர் கடைக்குப் போனோம். கடை கேஜ் 19. பெட்ரோல் பங்கில் டிஜிட்டல், 22. நாலு கேஜ், நாலு எண். டீக்கடையில் உட்கார்ந்து நான் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் டீக்குக் காசு கொடுத்தார், நான் தடுக்கக்கூட இல்லை.

2023 ஜூலை 10
யார் கேஜ் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதுசு என்பதால் மட்டும் சரியாகிவிடாது. நாலில் மூன்று என்னுடையதற்கு எதிராக இருக்கிறது என்பது ஓட்டுக் கணக்கு. எனக்கு அளவு வேண்டும்.

2023 ஜூலை 16
கண்டுபிடித்தாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் பத்து மீட்டர் உயரம் நின்றால் அடியில் 14.2 பாயிண்ட் அழுத்தம். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. மலையில் உயரத்துக்கா பஞ்சம்? நான் வேலை பார்க்கிற ஒரு ஸ்டோருக்கு மேலே சரிவில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அங்கிருந்து கருப்பு ஓஸில் தண்ணீர் இறங்கி வருகிறது. கொத்தனாரிடம் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) இரவல் வாங்கினேன். இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டு, தொட்டியின் தண்ணீர் மட்டத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு குச்சி இறங்குவது, மட்டம் பார்ப்பது, அடையாளம் வைப்பது, மறுபடி ஒரு குச்சி. ஏலச்செடிக்கு நடுவே ஏழு தடவை. காலில் ஏறிய அட்டைகளை எண்ணவில்லை. ஏழு குச்சி, 14 மீட்டர். அந்த இடத்தில் 19.9 பாயிண்ட் இருந்தே ஆக வேண்டும்.

ஓஸின் நுனியில் பழைய ட்யூபிலிருந்து அறுத்தெடுத்த வால்வைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினேன். ஓஸுக்கு நடுவில் காற்று சிக்கியிருந்தால் கணக்குத் தப்பும் என்று முதலில் நுனியைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை ஓட விட்டேன். அப்புறம் மேலே ஓஸை மடித்துப் பிடித்துக்கொண்டு வால்வை மாட்டி, மடிப்பை விட்டு, கேஜை வைத்தேன். புஸ்ஸென்று முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டாவது தடவை சரியாக உட்கார்ந்தது.

தம்பியின் டயல் (கொடுத்துவிட்டுப் போயிருந்தார்): 20. கோட்டின் மேலேயே.
என் பேனா: 15.

நம்பாமல் ஏழு மீட்டரிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே 10 இருக்க வேண்டும். டயல் 10. பேனா 6. அதாவது சீராக ஐந்து குறைத்துக்கூடக் காட்டவில்லை, இடத்துக்குத் தகுந்த மாதிரி பொய். 30-ல் எத்தனை காட்டும் என்று பார்க்க 21 மீட்டர் வேண்டும், ஸ்டோர்க்காரர் போதும் என்று கும்பிட்டுவிட்டார்.

2023 ஜூலை 16, இரவு
ஆக, இரண்டு வருடமாக நான் 16 என்று ஓட்டியது 21. முன்னே 18 என்றது 23. பாம்புக்கடி படாததும், கோடு நகராததும், ஆசான் அதிசயப்பட்டதும் என் சாமர்த்தியம் இல்லை. நசுங்கிப்போன ஒரு ஸ்பிரிங்.

சுண்ணாம்பு அச்சில் 16 என்று எழுதியதையும் 21 என்று படியுங்கள். அந்த 30 எவ்வளவு என்பது இனி யாருக்கும் தெரியாது. நீளம்தான் கூடுகிறது, அகலம் இல்லை என்பதில் மாற்றமில்லை. அதைக் கேஜ் சொல்லவில்லை, ஸ்கேல் சொன்னது.

தம்பி, உங்கள் ரிம்முக்கு நான்தான் காரணம். வேகத்தைக் குறை சொன்னேன், அதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். செலவைச் சொல்லுங்கள்.

2023 ஜூலை 18
காசு வேண்டாம் என்கிறார். பார்ப்போம்.

2023 ஆகஸ்ட் 6
காயெடுப்பு தொடங்கிவிட்டது, டிரையர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளும் காலம். எழுத நேரமில்லை. ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன், சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடம் 16-ல் ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டவன் உண்மையான 16-ல் ஒரு நாளாவது ஓட்ட வேண்டாமா? புதுக் கேஜ் வாங்கி, பூப்பாறையில் வைத்துக் கிளம்பினேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். நனைந்த செம்மண் ஏற்றத்தில் சறுக்கவே இல்லை, இத்தனை நாள் இதை விட்டுவிட்டோமே என்று தோன்றியது. தார் வந்தபோது வண்டி வளைவில் மிதக்கிற மாதிரி இருந்தது, முன் சக்கரம் நான் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பியது. திரும்பி வரும்போது பெட்டியோடு ஒரு பழைய புளோயர் மோட்டாரும் ஏறியது. குறுக்கு வடிகால். பத்துக்கு மேல் போகக் கூடாது என்று நானே சொன்ன அதே மாதிரி இடம், பத்தில்தான் போனேன். டொக் என்று இரும்புச் சத்தம். கல்லில் மண்வெட்டி பட்ட மாதிரி. இருபது அடி தூரத்தில் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது.

மழையில், பாறை ஓரத்தில், டயரைக் கழற்றி ட்யூபை உருவினேன். இரண்டு ஓட்டை, நடுவே ஒரு விரல் இடைவெளி. படம் எடுக்கவில்லை. தம்பியின் படத்தையே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பிய தேவாரத்து ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் முன் டயரைக் குதிகாலால் ஒரு உதை விட்டார். "இதுவும் கம்மிதாண்ணே" என்றார். கேஜே இல்லாதவர். என் புதுக் கேஜை வைத்துப் பார்த்தால் 17.

2023 ஆகஸ்ட் 8
உதையை நம்பலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருபது வருடமாக ஒரே ஜீப்பை ஒரே பாதையில் ஓட்டுகிறவரின் குதிகாலை நம்பலாம். உங்கள் குதிகாலையும் என் குதிகாலையும் நம்ப வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 20
இப்போது நான் வைப்பது, சரிபார்த்த கேஜில், காலையில் வண்டி எடுக்கும் முன்: பெட்டி இல்லாத நாளில் முன்னே 20, பின்னே 22. பெட்டியோடு போனால் முன்னே 22, பின்னே 24. மோட்டார் மாதிரி ஏதாவது கனமாக ஏறினால் பின்னே 26 அடித்துக்கொண்டு முதுகுவலியைப் பொறுத்துக்கொள்கிறேன். முழுக்கச் சகதி, கல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும் 18. நம் பக்கத்தில் சகதிக்குக் கீழே கல் இருக்கும், அதுதான் சிக்கல். எவ்வளவு இறக்கலாம் என்பதைச் சகதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே தெரியாமல் கிடக்கிற கல்லை நினைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஹிமாலயனுக்கு இதில் இரண்டு கூட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு நாள் ஓட்டி, ரிம்மில் இடிக்கிற சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள். கேட்காவிட்டால் ஒன்று இறக்குங்கள். கையை வைத்து ரிம் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தால் புதுக் காயம் விரலில் தெரியும்.

2023 ஆகஸ்ட் 21
மேலே எழுதியது எல்லாம் திரும்ப அடிக்கப் பம்ப் கையில் இருப்பவர்களுக்கு. நான் வைத்திருப்பது கால் பம்ப். பின் சக்கரத்தில் 22-லிருந்து 32 ஏற்ற எண்பது மிதி. முதல் தடவை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதில்லை, மிதிக்கும்போது வேறு யாரையாவது நினைத்துக்கொள்வது நல்லது. பாட்டரியில் போடுகிற குட்டிக் கம்பிரசர் நாலு நிமிடத்தில் முடிக்கும். மூணாறு வரை இப்போது ரோடு அகலமாகி வழவழவென்று கிடக்கிறது, அதில் குறைந்த காற்றோடு எழுபதில் போகிறவர்களைப் பார்க்கிறேன். டயர் சூடாவது ஒரு பக்கம், வளைவில் பின்பக்கம் நெளிவதைப் பின்னால் வருகிற எனக்கே பார்க்கப் பயமாக இருக்கிறது.

கேரளாப் பக்கக் கடைகளில் காற்று அடிக்கச் சொன்னால் "எத்ர?" என்று கேட்பார்கள். நம் ஆட்கள் சிலர் அதற்கு "சாதாரணமா" என்று பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாதாரணம் என்பது அந்தக் கடையில் 40.

2023 செப்டம்பர் 17
ட்யூப்லெஸ் ஆக மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லையே என்கிறார் திண்டுக்கல் நண்பர். பாம்புக்கடித் தொல்லை இல்லை, உண்மை. ஆனால் ரிம் விளிம்பு கோணினால் அந்த வழியாகக் காற்று போகும், பாதி வழியில் அதற்கு வைத்தியம் கிடையாது. ட்யூப் என்றால் ரிம் எப்படிக் கோணியிருந்தாலும் இன்னொரு ட்யூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். மதுரைத் தம்பி அன்றைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார். நான் ட்யூபிலேயே இருக்கிறேன். நீங்கள் மாற்றினால் மாற்றிவிட்டு எழுதுங்கள், என் கருத்து ஏற்கெனவே நாலு தடவை மாறியிருக்கிறது.

2023 நவம்பர் 12
தம்பி போன வாரம் மறுபடி வந்தார், இந்தத் தடவை வண்டியில். முன்னே 22, பின்னே 25. இரண்டு நாள், சாந்தன்பாறைக்கு அப்பால் சித்தப்பா தோட்டம் வரை. ட்யூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஏற்றத்தில் மட்டும் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டதாம், இறங்கித் தள்ளினாராம். அடுத்த தடவை 23 வைக்கப் போகிறேன் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இனி எண் சொல்ல வாய் வருவதில்லை.

பேனா கேஜ் பெட்டியில்தான் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. மகள் அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் "பொய்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ரிம் காசை இந்தத் தடவையும் வாங்க மறுத்துவிட்டார். கால் கிலோ ஏலக்காய், எட்டு மில்லிமீட்டர் காய், பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் அடுத்தடுத்த இரண்டு கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.